பால் ஒத்துக்கொள்ளாத வயிற்றுக்கு வீட்டுத் தயிர்

அப்பா இப்போது மதியச் சாப்பாட்டோடு 150 கிராம் தயிர் சாப்பிடுகிறார். வயிறு உப்புவதில்லை, இரைச்சல் இல்லை, மாலையில் சுருண்டு படுப்பதில்லை. அரை டம்ளர் பால் குடித்தாலே அன்றைய பொழுது முழுக்க அவதிப்படுகிறவருக்கு இது பெரிய மாற்றம். தயிர் ஒரே மாதிரி உறைய ஆரம்பித்து, அதை நம்பி அவருக்குக் கொடுக்கலாம் என்ற நிலை வந்ததும் அளவுகளை எல்லாம் எழுதி வைக்க உட்கார்ந்தேன். எந்த இடத்தில் எது சரிவரவில்லை, எந்தக் கருவி உதவியது, எது இல்லாமலே சமாளிக்கலாம் என்பதெல்லாம் இதில் இருக்கிறது.

முதலில் எதற்காக இந்தப் பாடு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலில் உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலில் குறைந்துபோனவர்களுக்கு, லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடலுக்கு இறங்கி அங்கே வாயுவாக மாறுகிறது. தயிரில் கொஞ்சம் லாக்டோஸ் உறையும்போதே அமிலமாகிவிடுகிறது. மீதி இருப்பதை, தயிரோடு உள்ளே போகும் பாக்டீரியா தன்னிடம் உள்ள நொதியால் சிறுகுடலில் உடைத்துக் கொடுக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இந்தப் பலனை ஏற்றுக்கொண்டது. அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தது: தயிரில் கிராமுக்குக் குறைந்தது 10 கோடி பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைதான் என் வேலையின் அளவுகோல். வீட்டில் பாக்டீரியாவை எண்ண முடியாது. ஆனால் அவை உயிரோடு இருக்கின்றனவா என்பதைத் தயிரே காட்டும்: சொன்ன நேரத்தில் உறைகிறதா, தேவையான புளிப்பு வருகிறதா, அடுத்த பாலை உறைய வைக்கிறதா. இந்த மூன்றையும்தான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

உறை தேடியது

கடையில் வாங்கிய ஒரு தயிரை உறையாக ஊற்றியதில்தான் தொடங்கினேன். இரவு முழுக்க வைத்தும் பால் பாலாகவே இருந்தது. வெப்பம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சூடாக வைத்து, உறையைக் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் அப்படியே. அப்புறம் அந்த டப்பாவின் சிறிய எழுத்துகளைப் படித்தால், நொதித்த பிறகு சூடுபடுத்தப்பட்டது என்று போட்டிருந்தது. நீண்ட நாள் கெடாமல் இருப்பதற்காகச் சில தயிர்களை இப்படிச் செய்கிறார்கள். அதில் புரதமும் கால்சியமும் இருக்கும். உயிருள்ள பாக்டீரியா இருக்காது. என் அப்பாவின் வயிற்றுக்கு அதனால் பெரிய உதவி கிடையாது.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைத்தது, இன்றும் அதைத்தான் செய்கிறேன். எந்தத் தயிராக இருந்தாலும் 100 மில்லி காய்ச்சிய பாலில் ஒரு கிராம் போட்டு 43 டிகிரி செல்சியஸில் வைத்துப் பார்ப்பது. எட்டு மணி நேரத்துக்குள் உறைந்தால் அது உயிருள்ள தயிர். உறையாவிட்டால் லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு வேண்டாம். செலவு அரை டம்ளர் பால் மட்டுமே.

அடுத்து, வீடுகளில் காலங்காலமாகத் தொடர்ந்து வரும் உறை ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கினேன். அது அறை வெப்பத்திலேயே உறையும் வகை. நன்றாகத்தான் உறைந்தது, வாசனையும் சுத்தமாக இருந்தது, ஆனால் கரண்டியால் எடுத்தால் நூல் நூலாக இழுத்தது. அப்பா முகம் சுளித்தார். இந்த இழுவை கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. சில பாக்டீரியாக்கள் உறையும்போது ஒரு வகைப் பசையை வெளியிடுகின்றன. வெப்பம் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அது அதிகமாகச் சேரும். அதே உறையை 42 டிகிரியில் தொடர்ந்து தோய்த்து வந்ததில் இழுவை குறைந்தது, ஆனால் சுவையும் மாறியது. காரணம் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: அறை வெப்பத்தில் வளரும் பாக்டீரியா வேறு, 40 டிகிரிக்கு மேல் வளரும் பாக்டீரியா வேறு. வெப்பத்தை மாற்றினால் பானைக்குள் இருக்கும் கூட்டமே மாறிவிடுகிறது.

எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது வகை, ஏனென்றால் 2010-இல் ஏற்கப்பட்ட அந்தப் பலன் குறிப்பாக இரண்டு பாக்டீரியாக்களைப் பற்றியது: லாக்டோபாசில்லஸ் பல்கேரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ். இரண்டும் சேர்ந்துதான் நன்றாக வேலை செய்யும். முதலாவது பால் புரதத்தை உடைத்துச் சிறு துண்டுகளாக்கிக் கொடுக்கிறது, அதைத் தின்று இரண்டாவது வளர்கிறது. இரண்டாவது ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் வெளியிட, அது முதலாவதுக்கு உதவுகிறது. இந்த இரண்டும் இருப்பதாக எழுதியிருந்த, வேறு எதுவும் சேர்க்காத ஒரு சாதாரணத் தயிரை வாங்கி, 100 மில்லி சோதனையில் பார்த்தேன். ஆறரை மணி நேரத்தில் உறைந்தது. அதுவே இன்று வரை என் உறையின் மூலம்.

பால் காய்ச்சியது

ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பால், அடிகனமான பாத்திரம். பால் ஊற்றும் முன் பாத்திரத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டால் அடிபிடிப்பது குறைகிறது.

ஆரம்பத்தில் பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடுவேன். தயிர் உறைந்தது, ஆனால் கரண்டி வைத்த இடத்தில் உடனே தெளிநீர் ஊறி நின்றது. அடுத்த தடவை 90 டிகிரிக்குக் கொண்டுபோய், சிறு தீயில் பத்து நிமிடம் அதே வெப்பத்தில் வைத்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. வெட்டி எடுத்த குழி அப்படியே நின்றது. பாலில் உள்ள மோர்ப் புரதங்கள் இந்த வெப்பத்தில் சுருள் பிரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்வதால் வலை இறுகுகிறது, தண்ணீர் வலைக்குள்ளேயே தங்குகிறது. 85 டிகிரி என்றால் அரை மணி நேரம் வைக்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க நான் 90-ஐயே வைத்துக்கொண்டேன்.

இங்கேதான் தெர்மாமீட்டர் தேவைப்பட்டது. ஊசி முனை கொண்ட சமையல் தெர்மாமீட்டர். இந்த முழு வேலைக்காக நான் காசு கொடுத்து வாங்கிய முக்கியமான பொருள் அது ஒன்றுதான், அதற்காக வருத்தமே இல்லை. வாங்கியதும் இரண்டு இடத்தில் சரிபார்த்தேன். நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த தண்ணீரில் 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100. கடல் மட்டத்திலிருந்து உயரமான இடமென்றால் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது ஒன்றரை டிகிரி அதிகம் காட்டியது. பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறு தாளில் அதை எழுதி ஒட்டிவிட்டேன்.

பத்து நிமிடம் காய்ச்சியதும் ஒரு லிட்டர் பால் சுமார் 930 மில்லியாகக் குறைகிறது. மேலே படியும் ஏட்டை நான் எடுத்துவிடுகிறேன். விட்டுவிட்டால் மேல் பக்கம் தனியாகக் கெட்டியாகி, அடியில் இருப்பதைத் தொந்தரவு செய்யாமல் உறை எடுப்பது சிரமமாகிறது. இது என் வசதிக்காக. ஏடு பிடித்தவர்கள் விட்டுவிடலாம்.

நீண்ட ஆயுள் பால் பெட்டியையும் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தேன். அது ஏற்கெனவே மிக அதிக வெப்பத்தைப் பார்த்தது என்பதால் காய்ச்சாமலே 43 டிகிரிக்குச் சூடாக்கி உறை ஊற்றலாம். வேலை மிகக் குறைவு. தயிர் வழவழப்பாக வந்தது, ஆனால் கெட்டி குறைவு. அவசரத்துக்குச் சரி.

ஆற வைத்தல், உறை ஊற்றுதல்

தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, காய்ச்சிய பாத்திரத்தை அதில் உட்கார வைத்து மெதுவாகக் கிளறினால் கால் மணி நேரத்தில் 90-லிருந்து 45-க்கு இறங்கிவிடுகிறது. 45 வந்ததும் வெளியே எடுத்துவிடுவேன், மீதி இரண்டு டிகிரி தானாக இறங்கும். விரல் விட்டுப் பார்த்து உறை ஊற்றுவது பலருக்குப் பழக்கம். என் கைக்கு அது ஒத்துவரவில்லை. பாத்திரம் கழுவி முடித்த கையோடு தொட்டால் 48 டிகிரி கூட இளஞ்சூடாகத் தெரிகிறது. 50-ஐத் தாண்டினால் இந்தப் பாக்டீரியாக்களின் வளர்ச்சி நின்றுவிடும்.

உறையின் அளவில்தான் நிறையப் பொழுது போனது. நிறைய பாக்டீரியா வேண்டும் என்றால் நிறைய உறை போட வேண்டும் என்றுதான் தோன்றும். லிட்டருக்கு 100 கிராம் போட்டேன். மூன்று மணி நேரத்திலேயே உறைந்தது, ஆனால் மணல் மணலாக, மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தெளிநீர். அமிலம் அவ்வளவு வேகமாகச் சேர்ந்தால் புரத வலை பொறுமையாகக் கட்டிக்கொள்ள நேரம் இருப்பதில்லை. குறைத்துக்கொண்டே வந்து லிட்டருக்கு 20 கிராமில் நின்றேன். ஐந்தரையிலிருந்து ஆறரை மணி நேரம் ஆகிறது, வழவழப்பாக வருகிறது. கடைசியில் தயிரில் இருக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கை, உறையாகப் போட்டதைப் பொறுத்ததைவிட அவை வளரக் கிடைத்த நேரத்தைப் பொறுத்தது. கரண்டி அளவைவிடத் தராசு நல்லது, ஏனென்றால் கெட்டி உறையும் நீர்த்த உறையும் ஒரே கரண்டியில் வேறு வேறு எடை.

உறையைப் பானையின் நடுவிலிருந்து, யாரும் சாப்பிட எடுப்பதற்கு முன், கொதிநீரில் முக்கி உலர்த்திய கரண்டியால் எடுக்கிறேன். சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி சூடான பால் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு பாலில் ஊற்றி மெதுவாக ஒரு சுற்றுக் கலக்கிவிடுவது. நுரை வரும்படி ஆற்றக் கூடாது. நுரை அப்படியே மேலே ஓட்டை ஓட்டையாக உறைந்துவிடும்.

சூட்டைத் தக்கவைத்தல்

இதற்குத்தான் அதிகம் அலைந்தேன். மின்சாரக் குக்கரில் சூடாக வைக்கும் பொத்தானை அழுத்தி உள்ளே தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்ததில் 66 டிகிரி. சாப்பாட்டைக் கெடாமல் காக்க வைத்திருக்கும் வெப்பம் அது, அதாவது பாக்டீரியாவை வளரவிடாமல் தடுக்கும் வெப்பம். தயிருக்கு நேர் எதிர். அடுப்புப் பெட்டியின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்துப் பார்த்தேன். விளக்குக்குப் பக்கத்து மூலையில் 49, எதிர் மூலையில் 38. ஒரே பானையின் ஒரு பக்கம் உறைந்து மறுபக்கம் தளதளவென்று இருந்தது.

அகலவாய்ப் பிளாஸ்க் நன்றாக வேலை செய்தது. முன்பே வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிட்டுப் பால் ஊற்றினால் ஆறு மணி நேரத்தில் இரண்டு டிகிரிதான் இறங்குகிறது. குறை என்னவென்றால் தயிரை வெளியே எடுக்கும்போது வலை உடைந்து தெளிநீர் விடுகிறது, கழுவுவதும் கஷ்டம்.

இறுதியில் நிலைத்தது, பழைய தெர்மாகோல் பெட்டி. மூடி போட்ட கண்ணாடிச் சாடிகளில் பாலை ஊற்றி உள்ளே வைத்து, இரு பக்கமும் 50 டிகிரித் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் இரண்டு, இடைவெளியில் பழைய துணி. பெட்டிக்குள் தெர்மாமீட்டரின் ஊசியை விட்டு, எண் தெரியும் பகுதியை வெளியே வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் 43, ஆறு மணி நேரம் கழித்து 40. மின்சாரம் வேண்டாம், மின்வெட்டுப் பயம் இல்லை. பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தால் மட்டும் சூடு சட்டென்று போய்விடும்.

வெப்பம் சுவையையும் தீர்மானிக்கிறது என்பதைக் குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். 44, 45-இல் வைத்த நாள்களில் சுருக்கென்ற புளிப்பு. அந்த வெப்பத்தில் பல்கேரிகஸ் மேலோங்குகிறது. 40-ஐ ஒட்டி வைத்தால் மென்மையான புளிப்பு, நேரம் கொஞ்சம் கூடும். அப்பாவுக்குப் புளிப்பு அதிகமானால் நெஞ்செரிச்சல். அதனால் 42-இல் தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

எப்போது நிறுத்துவது

பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பால் 6.6, 6.7 பி.எச். அளவில் இருக்கும். 4.6-க்கு இறங்கும்போது கேசின் முழுமையாக வலை கட்டி நிற்கிறது. இதைப் பார்க்க பி.எச். தாள் வாங்கினேன். நேராகத் தயிரில் தொட்டால் வெள்ளை படிந்து நிறமே தெரியவில்லை. சாடியின் ஓரத்தில் ஊறும் தெளிநீர் ஒரு சொட்டை எடுத்துத் தாளில் விட்டால் நிறம் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் சில நாள் ஒப்பிட்டுப் பார்த்ததும் தாள் இல்லாமலே சமாளிக்கலாம் என்று தெரிந்தது. சாடியை லேசாகச் சாய்த்தால் தயிர் ஓரத்திலிருந்து ஒரே துண்டாக விலகி நிற்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி வாங்க மாட்டேன்.

லாக்டோஸை அடியோடு ஒழித்துவிடலாம் என்று ஒரு முழு நாள் வரை உறைய விட்டும் பார்த்தேன். வாயில் வைக்க முடியாத புளிப்பு. வழக்கமாக உறையும் தயிரில் லாக்டோஸ் கால் பங்கு அளவுக்குத்தான் குறைகிறது. நேரத்தை நீட்டினால் இன்னும் குறையும், ஆனால் சேரும் அமிலமே பாக்டீரியாவின் வேகத்தை அடக்கிவிடுவதால் பூஜ்யத்துக்கு வராது. மீதி லாக்டோஸைக் குடலில் உடைக்கப் போவது உயிருள்ள பாக்டீரியா என்பதால், அவற்றை அமிலத்தில் ஊற வைத்துப் பலவீனப்படுத்துவதில் எனக்கு ஈடுபாடு போய்விட்டது. உறைந்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்துவிடுகிறேன்.

எடுத்ததும் ஃப்ரிட்ஜில், 4 டிகிரியில், அசைக்காமல் ஓர் இரவு. குளிரில் தயிர் இன்னும் இறுகுகிறது. அங்கேயும் புளிப்பு மெல்ல ஏறத்தான் செய்யும். ஒரு வாரத்துக்குள் தீர்க்கிற அளவுக்கே தோய்க்கிறேன். ஒளி படாத இடத்தில் வைப்பது நல்லது, பாலில் உள்ள ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் வெளிச்சத்தில் அழியும்.

வடிகட்டிப் பார்த்தது

புரதம் கூட வேண்டும் என்று துணியில் கட்டி வடித்தேன். ஒரு கிலோ தயிர் நான்கு மணி நேரத்தில் அரைக் கிலோவுக்கு வந்தது. தயிரில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் இருந்த புரதம் இதில் ஏறக்குறைய இரட்டிப்பு. சுவை அருமை, அப்பாவுக்கும் பிடித்தது. வடிந்த இளம்பச்சைத் தெளிநீரை வீணாக்க மனமில்லாமல் அவர் குடித்தார். அன்று மாலை பழைய அவதி திரும்பியது. யோசித்தால் நியாயம்தான்: லாக்டோஸ் தண்ணீரில் கரைந்து இருப்பது, ஆகவே பாதிக்கு மேல் அந்தத் தெளிநீரோடுதான் போகிறது. வடித்த தயிர் அவருக்கு ஏற்றது, தெளிநீர் அவருக்கு ஆகாது. ஆனால் கால்சியத்தில் ஒரு பகுதியும் ரைபோஃபிளேவினில் பெரும்பகுதியும் அதோடு போய்விடுகின்றன. அதனால் தினமும் வடிப்பதில்லை. பால் குடிக்காதவருக்குக் கால்சியம் வேறு எங்கிருந்து வரும்? 150 கிராம் சாதாரணத் தயிர் 180 மில்லிகிராம் அளவுக்குத் தருகிறது, பெரியவர்களின் ஒரு நாள் தேவையான சுமார் 1,000 மில்லிகிராமில் அது குறிப்பிடத்தக்க பங்கு.

சாப்பிட்ட விதம்

எடுத்த எடுப்பில் பெரிய கிண்ணம் கொடுக்கவில்லை. 50 கிராமில் ஆரம்பித்து, வயிறு அமைதியாக இருந்தால் சில நாள் கழித்து 25 கிராம் கூட்டுவது. வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு. ஒரு குறிப்பேட்டில் அளவு, உப்புசம் உண்டா இல்லையா, வேறு என்ன சாப்பிட்டார் என்று மூன்றே விஷயம். 150-ஐத் தாண்டி 250 கொடுத்தபோது லேசாக இரைச்சல் வந்தது, அதனால் 150-இல் நிறுத்தினோம். இன்னொருவரின் எல்லை வேறாக இருக்கும்.

தயிரை அடுப்பில் கொதிக்கவிட்டால் பாக்டீரியா இறந்துவிடும். சத்து இருக்கும், நமக்கு வேண்டிய உதவி இருக்காது. எனவே அப்பாவின் பங்கை ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் அப்படியே கொடுக்கிறோம். சர்க்கரை சேர்ப்பதில்லை. இது அவருடைய நீரிழிவு அபாயத்துக்காகவும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு கோப்பைத் தயிர் இரண்டாம் வகை நீரிழிவின் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று தயிர் லேபிளில் எழுதிக்கொள்ள அனுமதித்தது. சான்று வரையறைக்குட்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றது. அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டுத் தயிரை மருந்தாகச் சொல்வது சரியில்லை. அதே போல, பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. அவர்களுக்குச் சிக்கல் பால் புரதத்தில், அது தயிரிலும் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்கள் வீட்டுத் தயிர் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும் என்பதால், அப்பா மருந்து எடுத்த நாள்களில் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, அதன்படி தயிரைத் தள்ளி வைத்தோம்.

அந்த நாள்களில் தயிர் இல்லாமல் இருந்தபோது, ஏற்கெனவே சாப்பிட்டது குடலில் தங்கி வேலை செய்துகொண்டிருக்கும் என்று அப்பா சொல்லி, கொஞ்சம் பால் குடித்தார். அது நடக்கவில்லை. இதே நம்பிக்கை நூறு வருடங்களுக்கு முன் பெரிய விஞ்ஞானி ஒருவருக்கும் இருந்தது. 1905-இல் ஸ்டமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மருத்துவர் ஜெனீவாவில் தயிரிலிருந்து பல்கேரிகஸ் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகு, 1908-இல் நோபல் பரிசு பெற்ற இல்யா மெக்னிகாஃப், அது குடலில் குடியேறி முதுமையைத் தள்ளிப்போடும் என்று எழுதினார். பல்கேரிகஸ் மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. உள்ளே போகிறது, போகிற வழியில் வேலை செய்கிறது, வெளியேறிவிடுகிறது. ஆகவே பலன் வேண்டுமென்றால் தவறாமல் சாப்பிட வேண்டும். அதனால்தான் தயிர் தடையில்லாமல் கிடைக்கும்படி இவ்வளவு ஏற்பாடு.

உறையைக் காப்பாற்றுவது

உறையை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு நாலைந்து நாளுக்கு ஒருமுறை தோய்க்கிறேன். பத்து நாள் விட்டுப் பார்த்ததில் உறைய இரண்டு மணி நேரம் அதிகம் பிடித்தது, அடுத்த தோய்ப்பில் சரியாகிவிட்டது. நேரம் தொடர்ந்து நீண்டுகொண்டே போனால் உறை தளர்கிறது என்று அர்த்தம். ஒருமுறை உறை நன்றாக இருந்தும் பால் உறையவே இல்லை; வேறு பாலில் அதே உறை ஆறு மணி நேரத்தில் உறைந்தது. பாலில் மாட்டுக்குக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லியின் மிச்சம் இருந்தால் இப்படி ஆவதுண்டு. காரணம் அதுதானா என்று சோதிக்க வழியில்லை, ஆனால் அந்தப் பாலைக் குடிக்கவும் பயன்படுத்தவில்லை.

இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத் திட்டுகள், பூஞ்சை, வழக்கமில்லாத வாடை, இதில் எது தென்பட்டாலும் முழுச் சாடியையும் கொட்டிவிட வேண்டும். மேலே சுரண்டிவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடுவது கூடாது, உறைக்கு எடுப்பது அதைவிடக் கூடாது.

இதற்காகவே ஒரு சேமிப்பு வைத்திருக்கிறேன். நன்றாக உறைந்த நாளின் தயிரைப் பனிக்கட்டித் தட்டில் குழிக்கு 20 கிராம் வீதம் ஊற்றி உறைபெட்டியில் வைத்து, இறுகியதும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றித் தேதி எழுதிவிடுவது. ஒரு கட்டி ஒரு லிட்டருக்குச் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு உருக விட்டு ஊற்றினேன். முதல் தோய்ப்பு எட்டரை மணி நேரம் எடுத்தது, தெளிநீரும் விட்டது. அதிலிருந்து எடுத்து மறுபடி தோய்த்ததும் பழைய ஆறு மணி நேரத்துக்கு வந்தது. எனவே உறைபெட்டிக் கட்டியின் முதல் தயிரை அப்பாவுக்குக் கொடுப்பதில்லை, நாங்கள் சாப்பிடுகிறோம்.

அடுத்து மாற்ற நினைப்பவை சில. லிட்டர் சாடிக்குப் பதில் 150 கிராம் பிடிக்கும் சின்னச் சாடிகள். பெரிய சாடியில் ஒருமுறை கரண்டி பட்டதும் மீதி வாரம் முழுக்கத் தெளிநீர் ஊறுகிறது, அந்தத் தெளிநீர்தான் அப்பாவுக்கு ஆகாதது. காய்ச்சும்போது லிட்டருக்கு 25 கிராம் பால் பொடி சேர்த்தால் வடிக்காமலே கெட்டியாக வரும், ஆனால் பொடியில் லாக்டோஸ் பாதி எடைக்கு இருப்பதால் அப்பாவின் சாடிகளில் அதைச் சேர்க்க மாட்டேன், எங்கள் சாடிகளில் மட்டும். பெட்டியில் மூன்றாவது வெந்நீர் பாட்டில் ஒன்றும் வைக்க வேண்டும், குளிர் மாதங்களில் 40-க்கும் கீழே இறங்கிவிடுகிறது.